ஆறாம் மாடியில் வரும் மருந்து

ஜனவரி 12

அன்புள்ள மருமகள் ஸ்கேலுக்கு,

உன் ஒரே தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் லிஃப்டும் சுகம். அங்கே நீயும் உன் அம்மாவாகிய என் அக்காவும் இருக்கும் நிலைமையை ஒளிக்காமல் எழுதவும்.

மருந்து ஏற்றியதில் உன் வாயெல்லாம் புண்ணாகி, ஃபோனில் பேச முடியவில்லை என்று அக்கா சொன்னாள். கவலையை விடு, கடிதம் என்று ஒன்று இருக்கிறதே. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் அந்தக் காலத்தில் நான் லீவு லெட்டர் எழுதினால் தலைமை ஆசிரியர் கண் கலங்கி, ஒரு நாள் கேட்டதற்கு மூன்று நாள் தருவார். அந்தக் கை இன்னும் போகவில்லை.

என் உத்தியோகம் உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஏழு மாடிக் கட்டடம் ஒன்று என் விரல் நுனியில் ஏறி இறங்குகிறது. ஏழாம் மாடிப் பெரிய அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் எந்த ஃபைலிலும் கையெழுத்துப் போடுவதில்லை. உன் அத்தை இதை எட்டிப் படித்துவிட்டு, "லிஃப்டுக்குள்ள மேசை ஏது?" என்கிறாள். அவளை விடு.

ஆஸ்பத்திரியிலேயே உன் மாதிரிப் பெண்களுக்கு யோகா வகுப்பு நடக்கிறதாமே, நீயும் சேர்ந்திருக்கிறாயாமே. அப்படிப் போடு. இளவட்டத்தில் நான் தலைகீழாக ஒரு மணி நேரம் நிற்பேன். ஒரு தடவை காக்கை ஒன்று என் குதிகாலில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனது. நம் குடும்பத்து ரத்தத்திலேயே யோகா ஓடுகிறது. என்னென்ன சொல்லித் தருகிறார்கள் என்று விவரமாக எழுது.

பதிலை ஆபீஸ் விலாசத்துக்கே போடு. கட்டடத்துத் தபால் மொத்தத்தையும் நாலாம் மாடியில் ஓர் அம்மா பிரிக்கிறார். நல்ல மனுஷி. எனக்கும் தபால் வருகிறது என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

வாய்ப்புண் ஆறும்வரை உனக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருப்பேன் என்று உறுதி கூறும்,
மாமா


ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள். காக்கை வந்த இடத்தில் சிரித்தேன், உதடு வெடித்துவிட்டது. அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள் என்று எழுதச் சொல்கிறாள்.

வகுப்பு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், பழைய சீட்டுகள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் நடக்கிறது. பதினோரு பாய்கள். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி. சொல்லித் தருபவர் முன்பு இதே வார்டில் நர்ஸாக இருந்தவர். எல்லோரும் டீச்சரக்கா என்கிறோம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இது மருந்து இல்ல. மருந்தைத் தாங்கி நிக்கறதுக்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். மருந்தை விட்டுட்டு இங்க வர்றவங்க என் வகுப்புக்கு வேண்டாம்."

தலைகீழாக யாரும் நிற்பதில்லை மாமா. மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுகிறோம். கழுத்தை அசைக்கிறோம். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை இறுகிப் போகாமல் இருக்க, சுவரில் விரல்களால் எறும்பு மாதிரி ஊர்ந்து மேலே போக வேண்டும். போன உயரத்தில் பென்சில் கோடு போடுவார்கள். என்னுடையது இடது கை. முதல் கோடு 98 சென்டிமீட்டர், இந்த வாரம் 104. நில அளவை ஆபீசில் ஊர் உலகத்துக்கெல்லாம் வரைபடம் வரைந்து, உங்களிடம் ஸ்கேல் என்று பேர் வாங்கியவள், இப்போது என் கையை அளந்துகொண்டிருக்கிறேன்.

ஆறு தவணை மருந்தில் மூன்று முடிந்தது. மருந்து ஏறும்போது வாயில் பனிக்கட்டி அடக்கிக்கொண்டால் புண் குறைவாக வரும் என்கிறார்கள். யோகாவினால் வாந்தி நிற்கவில்லை. வாந்திக்கு முன்னால் வரும் பயம் கொஞ்சம் நிற்கிறது. தூக்கம் வருகிறது. இவ்வளவுதான் விவரம். இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள், உங்களைத் தெரியும்.

பனிக்கட்டியோடு,
ஸ்கேல்


பிப்ரவரி 11

அருமை மருமகளுக்கு,

மாமா க்ஷேமம். லிஃப்டுக்கு மட்டும் நேற்றுக் கொஞ்சம் சளி, ஐந்தாம் மாடியில் இருமியது. எண்ணெய் விட்டேன், சரியாகிவிட்டது. உன் கடிதம் கண்டு உச்சி குளிர்ந்தேன்.

தெரிவிப்பது யாதெனில், நீ இப்போது எங்கள் கட்டடத்தில் பிரசித்தம். தரையிலிருந்து ஏழாம் மாடிக்கு நாற்பத்தெட்டு விநாடி. அதற்குள் முடிகிற மாதிரி ஒரு கதையைக் கட்டிவைத்து, ஏறுகிற கூட்டத்துக்கெல்லாம் சொல்கிறேன். கேட்பவன் வாய் மூடுவதில்லை. கதவு மூடும்போது ஆரம்பிப்பேன்: "என் அக்கா மகள், புற்றுநோய், டாக்டர்களே கையை விரிச்சிட்டாங்க." ஒன்றாம் மாடியில் நீ பாயை விரிக்கிறாய். இரண்டில் மூச்சை இழுக்கிறாய், ஆஸ்பத்திரி ஜன்னல் கதவெல்லாம் உள்பக்கமாகச் சாய்கிறது. மூன்றாம் மாடியில் கட்டி கற்கண்டு மாதிரி கரைகிறது. நாலாம் மாடியில் அந்தக் கையாலேயே ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குகிறாய்.

உன் கையையும் மாடிக் கணக்கில்தான் சொல்கிறேன். இடுப்பு ஒன்றாம் மாடி, தோள் நாலாம் மாடி, நீட்டி நிமிர்ந்தால் ஏழு. நூற்றுநாலு சென்டிமீட்டர் என்றால் இரண்டைத் தாண்டியாயிற்று. மூன்றாம் மாடிக்கு எப்போது வருகிறாய்? உன் அத்தை, "அவ ஸ்கேல் வெச்சு அளக்கறா, நீங்க வாயாலயே அளக்கறீங்க" என்கிறாள்.

உன் கடிதத்தைக் கொடுத்த தபால் அம்மா, "இதுதான் அந்த மருமகளா?" என்று கேட்டார். பிறகு எந்தப் பக்கம், முதலில் வலி இருந்ததா, எத்தனை நாளில் சின்னதாயிற்று என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டார். உன் மேல் அத்தனை அக்கறை. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தெரியாததற்கும் சொன்னேன்.

உன் புகழ் பரப்பும்,
மாமா


மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கும் அத்தைக்கும் சுகம்தானே. நான்காவது தவணை முடிந்து பத்து நாள் எழுந்திருக்கவில்லை, அதனால்தான் தாமதம்.

நான் வாளி தூக்கவில்லை. டம்ளர் தூக்கினேன், பாதித் தண்ணீர். கட்டி கரையவும் இல்லை, அறுத்து எடுத்தார்கள். டாக்டர்கள் கையை விரிக்கவும் இல்லை. பெரிய டாக்டர் ரொம்பக் கண்டிப்பானவர், தேதி தவறினால் திட்டுவார். நீங்கள் சொல்வது யாரோ வேறு ஒரு பெண்ணின் கதை மாமா. அவளைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

வகுப்பில் இப்போது ஒன்பது பாய்கள். இரண்டைச் சுருட்டி வைத்துவிட்டார் டீச்சரக்கா. விரித்திருக்கிற பாய்களை மட்டும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டு, இடைவெளி தெரியாமல் செய்துவிடுகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தபால் அம்மா ஏன் இவ்வளவு கேட்கிறார்? எந்தப் பக்கம் என்று சும்மா ஒருவர் கேட்க மாட்டார். கதை சொல்லாமல், அவரை நீங்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கை 113.

ஸ்கேல்


மார்ச் 15

அருமை மருமகளுக்கு,

இங்கு எல்லாரும் சௌக்கியம். வாயும் சௌக்கியம்.

நீ டம்ளர் என்றால் நான் வாளி என்பேன், அடுத்த ஆள் கிணறு என்பான். கதை வளர்ந்தால்தான் ஆளும் வளர்வாள். அறுத்து எடுத்ததை நான் மறைக்கவில்லை. அதையும், மருந்து ஏற்றுவதையும், கண்டிப்பான டாக்டரையும் ஆறாம் மாடியில் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலிலேயே கத்தி, ஊசி என்று ஆரம்பித்தால் ஜனங்கள் அடுத்த மாடியில் இறங்கிப் படியேறிப் போய்விடுவார்கள். எந்தச் சரக்கை எந்த மாடியில் இறக்குவது என்று இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்தவன் நான்.

தபால் அம்மாவைக் கேட்டேன். "சும்மாதான்" என்றார். அவ்வளவுதான் விஷயம். இப்போது அவர் என் சிஷ்யை ஆகிவிட்டார். தரையில் ஏறியதும் மூச்சை இழுப்பார், நாலாம் மாடியில் கதவு திறக்கும்போது விடுவார். நான் எண்ணிக்கை சொல்வேன். வீட்டில் செய்வதற்கு நானே இரண்டு மூன்று ஆசனம் உண்டாக்கிக் கொடுத்தேன். பழைய உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். முன்பெல்லாம் படியில்தான் போவார். இப்போது இந்தக் கதைக்காகவே லிஃப்டுக்குக் காத்து நிற்கிறார். பையைக்கூட இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிவிட்டார், அதுவும் யோகாவில் ஒரு முறையாம். உடம்பு இளைத்துப் பார்க்கவே இளமையாகிவிட்டார்.

மூன்றாம் மாடியில் உனக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
மாமா


மார்ச் 22

மாமா,

வேறு எதுவும் விசாரிக்கவில்லை, மன்னியுங்கள். இன்றைக்கே பெட்டியில் போட வேண்டும்.

அந்த அம்மா நாலாம் மாடியில் இறங்கிவிடுகிறார். உங்கள் கதையில் மருந்து ஆறாம் மாடியில் வருகிறது.

நாளைக் காலையில், தரைத் தளத்தில், கதவு மூடுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு ஆபரேஷன் ஆனது, மருந்து ஏறுகிறது, யோகாவால் எதுவும் கரையவில்லை. அவருக்கு ஏதாவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். சொன்னதும் எனக்கு எழுதுங்கள்.


ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். உங்களிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. அம்மா ஃபோன் செய்தால் அத்தைதான் எடுக்கிறாராம். "அவர் வாயே திறக்கல, அவரே எழுதட்டும்னு விட்டிருக்கேன்" என்றாராம். நீங்கள் வாய் திறக்கவில்லை என்றதும் அம்மா பயந்துவிட்டாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எனக்கு ஆறு தவணையும் முடிந்தது. கை 127. உங்கள் கணக்கில் நாலாம் மாடி. சந்தோஷப்பட உட்கார்ந்தேன், அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். இரண்டு வரி போதும். காக்கை வேண்டாம்.

ஸ்கேல்


மே 28

மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பு எப்படி?

நாளைக்கே சொல் என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தை அவர் கையாலேயேதான் கொடுத்தார். படித்துவிட்டு மூன்று நாள் சொல்லவில்லை. அவர் ஏறும்போதெல்லாம் கதையை மட்டும் நிறுத்தினேன். "இன்னிக்குக் கதை இல்லையா?" என்று கேட்டார். தொண்டை கட்டிவிட்டது என்றேன். அதுவும் பொய்.

நாலாம் நாள் அவர் தனியாக ஏறினார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தினேன். இத்தனை வருடத்தில் நான் வேண்டுமென்று நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"அம்மா, உங்களுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

தபால் கட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். "இருக்கு. இப்ப கொஞ்சம் சின்னதாயிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"டாக்டர் சொன்னாரா?"

"எனக்கே தோணுது. பிப்ரவரியில ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க. எனக்குக் கத்தின்னா பயம். அப்பதான் நீங்க உங்க மருமகள் கதையைச் சொன்னீங்க. நான் போகல."

"என் மருமகளுக்கு ஆபரேஷன் ஆச்சும்மா. மருந்தும் ஏத்தறாங்க. தினமும் சொல்றேனே, ஆறாம் மாடியில."

அவர் என்னைப் பார்த்தார். "நான் ஆறாம் மாடிக்கு வந்ததே இல்லையே" என்றார்.

கோபப்படவில்லை. தபால் கட்டைச் சரிசெய்துகொண்டு, "லிஃப்டை விடுங்க, மேல தபாலுக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார். அவ்வளவுதான். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே லீவு போட்டு நானும் உன் அத்தையும் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். வீட்டில் அவரும் நடமாட முடியாத அப்பாவும்தான். படம் எடுத்தார்கள், சதை எடுத்தார்கள், மறுபடி வா, மறுபடி வா என்றார்கள். அதிலேயே ஏப்ரல் போயிற்று. முதுகெலும்பு வரைக்கும் போய்விட்டதாம். இனி ஆபரேஷனால் பிரயோசனம் இல்லை, மருந்து கொடுத்து முடிந்தமட்டும் பிடித்து வைக்கலாம் என்றார்கள்.

டாக்டரைத் தனியாகப் பிடித்து, பிப்ரவரியிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டினார். அப்போதே எலும்பில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றார். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகப் போனேன் ஸ்கேல். அவர் இரண்டையும் கொடுக்கவில்லை.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களையும் அத்தையையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். உங்கள் மேல் கோபப்பட வேண்டும் என்று உட்கார்ந்தேன். அதற்கு மூச்சு போதவில்லை. சமாதானம் சொல்லலாம் என்று நினைத்தேன், அதற்கும் போதவில்லை. அதனால் உபயோகமானதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் போகும் ஆஸ்பத்திரியில் யோகா வகுப்பு இருக்கிறதா என்று டாக்டரையே கேளுங்கள். முதுகெலும்பு விஷயம் சொல்லித் தருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று டீச்சரக்கா சொல்கிறார். குனிவது, திருகுவது எதுவும் கூடாது. நீங்கள் உண்டாக்கிக் கொடுத்த ஆசனங்களை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நாற்காலியில் சாய்ந்து மூச்சு, கையை வலிக்காத மட்டும் தூக்குவது, அவ்வளவுதான். வலி மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும். மாத்திரை முதலில், மூச்சு அப்புறம்.

இதோடு ஒரு உறை வைத்திருக்கிறேன். அவருக்கு. ஒட்டியிருக்கிறேன், பிரிக்க வேண்டாம்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் எடுத்த படத்தில் வேறு இடத்தில் ஒரு புள்ளி தெரிகிறது என்றார்கள். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இது வேறு நிறத்தில் இருக்கிறது. அம்மாவிடம் புள்ளி என்று சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். வகுப்பில் ஏழு பாய்கள். சுவரில் என் கோடுகள் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு பெண் தன் கோட்டைப் போட்டிருக்கிறாள். என்னுடையதை யாரும் அழிக்கவில்லை.

இதை லிஃப்டில் சொல்லாதீர்கள்.

ஸ்கேல்


ஜூலை 2

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே லிஃப்ட் சுகம். அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை உன் அத்தைக்குக்கூடக் காட்டவில்லை. அது என்ன மருந்து, என்ன நிறம் என்று கேட்க மாட்டேன். நீயாக எழுதினால் படிப்பேன்.

நாலாம் மாடியில் இப்போது வேறு ஒருவர் தபால் பிரிக்கிறார். உன் கடிதத்தை மூன்று நாள் தப்பான பெட்டியில் போட்டு வைத்திருந்தார். நாலாம் மாடியில் கதவு திறந்தால் கொஞ்சம் கூடுதலாக நிற்க வைத்துவிடுகிறேன். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். "என்னப்பா, உன் மருமகள் என்ன ஆனாங்க, கதையே காணோம்?" என்று ஏழாம் மாடிக்காரர் ஒருவர் கேட்டார். அவர் ஏறிய இடம் தரைத் தளம். ஆபரேஷன் ஆயிற்று சார், மருந்து ஏறுகிறது என்றேன். கதவு மூடுவதற்குள் கதை முடிந்துவிட்டது. மீதி நாற்பத்தெட்டு விநாடியும் எல்லாரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

நம் லிஃப்டுக்குள் மூன்று பக்கமும் ஒரு கைப்பிடி ஓடுகிறது. இத்தனை வருடம் அதைத் துடைத்திருக்கிறேன், யோசித்ததில்லை. அது யாரையும் மேலே கொண்டுபோவதில்லை. நிற்பவர்கள் பிடித்துக்கொள்ளத்தான் இருக்கிறது. உங்கள் டீச்சரக்கா சொன்னதை நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தேன். கதையில் சேர்க்கவில்லை, அதில் சுவாரஸ்யம் இல்லை என்று.

உன் உறையைத் தபால் அம்மாவின் வீட்டுக்கே போய்க் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார், இரண்டு தடவை இருக்கும். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "உங்க மருமகள் எழுத்து எவ்வளவு நேரா இருக்கு" என்றார். என்ன எழுதினாய் என்று கேட்கத் துடித்தேன். கேட்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியிலும் வகுப்பு இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார், முதுகெலும்பு என்று அதில் அடிக்கோடு போடச் சொல்லி நானே வாங்கினேன். லீவு கேட்டு நானும் போகிறேன். அவருடைய அப்பாவை உன் அத்தை பார்த்துக்கொள்கிறாள். பெண்கள் வகுப்பு, ஆண்கள் உள்ளே போகக் கூடாது. சக்கர நாற்காலியை வாசல்வரை தள்ளிக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காருவேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். உள்ளே மூச்சை இழுக்கச் சொல்கிறார்கள், இழுக்கிறார்கள். வெளியே நானும் இழுக்கிறேன். விடச் சொல்லும்போது எனக்கு முதலிலேயே தீர்ந்துவிடுகிறது.

நேற்று வலிக்காத மட்டும் கையைத் தூக்கச் சொன்னார்கள். அவர் இடது கையைத் தூக்கினார். மடியிலிருந்து கிளம்பி, இடுப்பைத் தாண்டி, கொஞ்சம் நின்று, மறுபடி கிளம்பியது. கண்ணாடியில் மூக்கு அழுந்த நின்று பார்த்தேன். இரண்டாம் மாடி. அங்கேயே நின்று, மெல்ல இறங்கிவிட்டது.

இரண்டுதான் ஸ்கேல். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

உன் கை எத்தனையில் இருக்கிறது என்று எழுது. இறங்கியிருந்தால் இறங்கியதையே எழுது.

மாமா